ஒரு பூட்ஸ் அளவு பச்சை

கம்பளிக் கூடாரத்தின் நடுவில் அடுப்பு.
அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், சமையல்.
அந்தப் பக்கம் துல்மா, பாடம்.
இடையில் பதினான்கு பிள்ளைகள்,
குதிரைமேல் தூங்கிப் பழகியவர்கள்,
பாயில் உட்காரத்தான் இன்னும் பழகவில்லை.

கோடையில் இரண்டு மாதம்
லாரியில் ஏறிக்கொண்டு
கோபியின் வட ஓரத்துக்கு வருகிறது எங்கள் பள்ளி.
இந்தமுறை கூடவே வந்தது
தலைநகரில் அச்சடித்த ஒரு தட்டின் படம்.
கால் பங்கு மஞ்சள், தானியம்.
கால் பங்கு சிவப்பு, இறைச்சி.
ஓரத்தில் ஒரு கிண்ணம் வெள்ளை.
மிச்சமெல்லாம் பச்சை.
அந்தப் பச்சைக்குள்
குட்டி மரம்போல் ஒன்று நின்றது.
"ப்ரோக்கோலி" என்றாள் துல்மா.
அவளும் அதைக் கடித்ததில்லை என்பது
அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நாலு நிறக் கம்பளித் துண்டுகள்,
ஆளுக்கொரு காகிதத் தட்டு.
"உங்க வீட்டுச் சாப்பாட்டை அடுக்குங்க பார்க்கலாம்."

நம்ஜில் அடுக்கினான்:
வெள்ளை. வெள்ளை. வெள்ளை.
பால். ஏடு.
வெயிலில் காய்ந்து கல்லாகிப்போன தயிர்க்கட்டி,
முன்பல் விழுந்தவன்
கன்னத்தில் ஒதுக்கி மதியம்வரை ஊறவைப்பது.
நடுவில் ஒரே ஒரு சிவப்பு, ஆடு.
"பச்சை எங்கேடா?"
எழுந்து கதவைத் திறந்து காட்டினான்.
வெளியே இருநூறு ஆடுகள்
தலை நிமிராமல்
பாடத்தை மேய்ந்துகொண்டிருந்தன.
"அதுங்க அதைச் சாப்பிடுது.
நாங்க அதுங்களைச் சாப்பிடுறோம்.
அப்போ என் வயித்துல பச்சை இருக்குல்ல?"

துல்மா வாயைத் திறந்தாள். மூடினாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் கொதிக்கிற சட்டியைப் பார்த்தேன்.

என் கணக்கு வேறு.
இரண்டு வாரத்துக்கு ஒரு லாரி.
ஒரு மூட்டை உருளை, அரை மூட்டை கேரட்,
மூன்று முட்டைக்கோஸ்,
அதில் ஒன்று வழியிலேயே அழுகியிருக்கும்.
கேரட்டை நாணயம் நாணயமாய் நறுக்கி
சூப்பில் போட்டேன்.
சூப்பைக் குடித்துவிட்டு
நாணயங்களைக் கையில் பொத்திக்கொண்டுபோய்
வெள்ளாட்டுக் குட்டிக்கு ஊட்டினார்கள்.
அந்த வாரம் சமச்சீர் உணவு உண்டது
அந்தக் குட்டி ஒன்றுதான்.

துருவி மாவில் பிசைந்து ஒளித்தேன்.
கண்டுபிடித்தவள் ஒதோன், ஐந்து வயது.
"இதுக்குள்ள என்னமோ இனிக்குது" என்று
குற்றம் சாட்டுவதுபோல் சொல்லித் துப்பினாள்.

மறுநாள் காலை
ஒற்றை பூட்ஸ் போட்டுக்கொண்டு நொண்டி வந்தாள்.
மற்றது கையில்.
என் பலகையில் தலைகீழாய்க் கவிழ்த்தாள்:
குழல் குழலாய், மண் ஒட்டி,
கண்ணைக் கரிக்கும் காட்டு வெங்காயத் தாள்.
ஒட்டகங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப்
பறித்தாளாம்.
"இது பச்சைதானே?"

துல்மா படத்தைத் தேடினாள்.
படத்தில் அது இல்லை.
நான் கழுவினேன், மூன்று தண்ணீர்.
எவ்வளவு கழுவினாலும் பூட்ஸ் பூட்ஸ்தான்.
இறைச்சி பாதி, தாள் பாதி,
மாவில் பொதிந்து ஆவியில் வைத்தேன்.
மூடியைத் திறந்ததும்
மழை பெய்த மறுநாள் வாசனை.
நம்ஜில் ஏழு கொழுக்கட்டை தின்றான்.
ஏழாவதைப் பிட்டு உள்ளே பார்த்து
நெடுநேரம் ஏதோ யோசித்தான்.
என்னவென்று சொல்லவில்லை.

அன்று மாலை துல்மா
பச்சைக் கம்பளியை மெல்லிசாய்க் கிழித்து
ப்ரோக்கோலியின் மேல் ஒட்டினாள்.
ஒட்டவில்லை.
என் கொழுக்கட்டை மாவைப் பசையாய்க் கரைத்துக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் படிவம் வந்தது.
காய்கறி: ஒரு குழந்தைக்கு எத்தனை கிராம்?
எங்களிடம் தராசு இல்லை.
துல்மா சொல்லச் சொல்ல
நான் எழுதினேன்:
ஒரு பூட்ஸ்.
ஐந்து வயது அளவு.
இடது கால்.